ஆமெனுக்குப் பிறகும் கொஞ்ச நேரம்

எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் இரவு எட்டு மணிக்கு. ஒரு பாட்டு, வேதாகமத்திலிருந்து ஒரு சங்கீதம், அப்பாவின் ஜெபம், கடைசியில் எல்லோரும் சேர்ந்து பரமண்டல ஜெபம். 'ஆமென்' முடிவதற்குள் பிள்ளைகள் நாங்கள் சாப்பாட்டுத் தட்டை எடுக்க ஓடிவிடுவோம். ஆச்சி மட்டும் பாயிலேயே இருப்பார். கண் மூடியிருக்கும், உதடு அசையாது. ஒருநாள் கேட்டேன்.

"ஜெபந்தான் முடிஞ்சிட்டே ஆச்சி, இன்னும் என்ன பண்ணுதீங்க?"

"கேக்க வேண்டியதக் கேட்டாச்சு. கேட்டு முடிச்ச கையோட எந்திரிச்சுப் போனா, காரியத்துக்கு வந்தவன்னு நினைக்க மாட்டாராலே?"

அந்தப் பாயில் ஆச்சி கூடுதலாக உட்கார்ந்திருந்த நிமிடங்களைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. விசுவாசத்துக்குப் புதிதாக வந்தவர்களையும், சிறு வயது முதல் ஆலயத்துக்குப் போயும் தனி ஜெபம் மட்டும் மூன்று நிமிடத்தில் முடிந்துவிடுகிறதே என்று நினைப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன். சபைகளில் இதைத் 'தேவ சமுகத்தில் காத்திருத்தல்' என்பார்கள். சமுகம் என்றால் சந்நிதி, முன்னிலை. எனக்குப் பிடித்த சொல் ரோமர் 12:12-ல் இருக்கிறது: 'ஜெபத்திலே உறுதியாய்த் தரித்திருங்கள்.' இலங்கையில் பஸ் நிற்கும் இடத்தைத் தரிப்பிடம் என்று சொல்வார்கள். ஓடுவதை நிறுத்தி ஓரிடத்தில் நிற்பது. அவ்வளவுதான் விஷயம்.

தொடங்குவதற்கு முன் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். கூட்டங்களில் 'தேவ பிரசன்னம் இறங்கியது' என்று கேட்டுப் பழகியவர்களுக்கு, நம் பாட்டும் சத்தமும்தான் தேவனை அறைக்குள் இழுத்துக்கொண்டு வருகின்றன என்ற எண்ணம் தெரியாமலே வந்துவிடும். 139-ஆம் சங்கீதத்தில் தாவீது கேட்பது நேர் எதிரான கேள்வி: உம்முடைய சமுகத்தை விட்டு எங்கே ஓடுவேன்? அவர் ஏற்கெனவே அங்கே இருக்கிறார். வந்து சேர வேண்டியது நாம்தான். உடல் சிலிர்ப்பதும் கண்ணீர் வருவதும் சிலருக்கு நடக்கும், சிலருக்கு வருடக்கணக்கில் நடக்காது. அதை அளவுகோலாக வைத்தால் இரண்டாவது வாரமே சோர்ந்துவிடுவீர்கள்.

யாத்திராகமம் 33-ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். இஸ்ரவேல் ஜனங்கள் தங்கியிருந்த பாளயத்துக்கு வெளியே, தேவனைத் தேடிப் போகிற ஆசரிப்புக் கூடாரம். கர்த்தர் மோசேயோடு முகமுகமாய்ப் பேசுகிறார். பேசி முடிந்ததும் மோசே பாளயத்துக்குத் திரும்புகிறார். அவருக்கு ஆயிரம் வேலை. அவருடைய பணிவிடைக்காரனாகிய யோசுவா மட்டும் கூடாரத்தை விட்டுப் பிரியாதிருந்தான் என்று ஒரே வரி. உள்ளே அவன் என்ன ஜெபித்தான், எதைக் கேட்டான் என்று ஒரு வார்த்தை கூட இல்லை. இருந்தான் என்பது மட்டுமே எழுதப்பட்டிருக்கிறது.

இடமும் நேரமும்

'உன் அறைவீட்டுக்குள் பிரவேசித்து, உன் கதவைப் பூட்டி' என்று ஆண்டவர் சொன்னதை வாசித்துவிட்டு, வாடகை வீட்டில் ஐந்து பேர் இருக்கிறோமே, அறைவீட்டுக்கு எங்கே போவது என்று பெருமூச்சு விட வேண்டாம். அடுப்பு பற்றவைப்பதற்கு முந்தைய அடுக்களை ஒரு அறைவீடுதான். மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டி நிழல், அலுவலகத்துக்கு இருபது நிமிடம் முன்னதாகப் போய்விட்டால் காலியாக இருக்கும் அறை, எல்லாமே போதும். ஆனால் தினமும் ஒரே இடமாக இருக்கட்டும். நாள்பட நாள்பட, அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுமே மனம் பாதி அடங்கிவிடும்.

நேரம் அதிகாலை என்பார்கள். இயேசுவும் இருட்டோடே எழுந்து வனாந்தரமான இடத்துக்குப் போய் ஜெபித்ததாக மாற்கு 1:35 சொல்கிறது. முடிந்தால் நல்லது. இரவுப் பணி பார்க்கிறவருக்கும் கைக்குழந்தை வைத்திருக்கிற தாய்க்கும் இதைச் சட்டமாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. குழந்தை மடியில் தூங்கும் பத்து நிமிடம் அவருக்குக் கிடைத்த அதிகாலை.

எவ்வளவு நேரம்? 'ஒரு மணி நேரமாவது விழித்திருக்கக்கூடாதா' என்ற வசனத்தைக் கேட்டு உருகி, திங்கட்கிழமை ஒரு மணி நேரத்தில் தொடங்கியவர்கள் வியாழக்கிழமை நிறுத்திவிடுவதைப் பார்த்திருக்கிறேன். நானும் அந்த வியாழக்கிழமைக்காரர்களில் ஒருவன். பதினைந்து நிமிடத்தில் தொடங்குங்கள். ஐந்து நிமிடம் வேதம், ஐந்து நிமிடம் பேச்சு, ஐந்து நிமிடம் சும்மா. ஒரு மாதம் அப்படியே போகட்டும். பிறகு கூட்டுவதாக இருந்தால் கடைசி ஐந்தைக் கூட்டுங்கள்.

முழங்காலா, நாற்காலியா என்று பலர் கேட்கிறார்கள். 2 சாமுவேல் 7:18-ல் தாவீது ராஜா உள்ளே போய் 'கர்த்தருடைய சமுகத்திலிருந்து' ஜெபித்தார் என்று இருக்கிறது. இன்றைய தமிழில் அது 'அங்கிருந்து கிளம்பி' என்பது போலக் காதில் விழும். உண்மையில் சமுகத்தில் இருந்து, அதாவது உட்கார்ந்து. ராஜா உட்கார்ந்தார், நாமும் உட்காரலாம். மூட்டு வலி உள்ளவர்கள் குற்ற உணர்ச்சி இல்லாமல் நாற்காலியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

போனை வேறு அறையில் வையுங்கள். 'வேதாகமம் அதில்தானே இருக்கிறது' என்பது நியாயமான பேச்சு போலத் தெரியும். ஆனால் சங்கீதத்தின் மேலேயே குடும்ப வாட்ஸ்அப் குழுவின் காலை வணக்கம் வந்து உட்காரும். அச்சு வேதாகமம் ஒன்று, சின்ன நோட்டு ஒன்று, பேனா ஒன்று, அலாரம் வைக்கிற சாதாரணக் கடிகாரம் ஒன்று. கடிகாரம் எதற்கென்றால், மணி பார்க்காமல் இருப்பதற்கு. அது அடிக்கும் என்று தெரிந்தால் கண் அந்தப் பக்கம் போகாது.

உட்காருவதற்கு முன், உட்கார்ந்த பின்

இயேசு சபை என்ற கத்தோலிக்கத் துறவற சபையை நிறுவிய புனித இஞ்ஞாசியார் 1522-ல் ஸ்பெயினின் மன்ரேசாவில் மாதக்கணக்கில் ஜெபத்தில் தங்கியிருந்தார். நம் தூத்துக்குடிப் பக்கத்து முத்துக்குளித்துறைக்கு 1542-ல் வந்த சவேரியார் அவருடைய தோழர்தான். இஞ்ஞாசியார் தன் தியானப் பயிற்சிக் குறிப்புகளில் ஒரு சின்ன விஷயம் சொல்லியிருக்கிறார். ஜெபிக்கிற இடத்துக்கு ஓரிரண்டு அடி முன்பே நின்றுவிட வேண்டும். ஒரு பரமண்டல ஜெபம் சொல்லும் நேரம் நின்று, ஆண்டவர் என்னைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைக்க வேண்டும். அதற்குப் பிறகுதான் போய் உட்கார வேண்டும். புராட்டஸ்டன்ட் வீட்டில் வளர்ந்த எனக்கு இது யாரும் சொல்லித் தராத பழக்கம். செய்து பார்த்த பிறகு விட முடியவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வீட்டுக்குள் போவது போல ஒரு சின்ன இடைவெளி அது.

உட்கார்ந்ததும் வேதம். அதிகாரம் முடிக்கும் வேகத்தை வேறு நேரத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். இங்கே சின்னப் பகுதி போதும். முதல் வாரத்துக்கு 131-ஆம் சங்கீதத்தைச் சொல்வேன். மொத்தமே மூன்று வசனம். வாய் விட்டு மெதுவாக இரண்டு முறை வாசியுங்கள். எந்தச் சொல் உங்களைப் பிடித்து நிறுத்துகிறதோ அங்கே நில்லுங்கள்.

பெரும்பாலும் நிறுத்துவது 'தாயின் பால்மறந்த குழந்தை'. பால் குடிக்கிற குழந்தையை மடியில் வைத்துப் பாருங்கள். தலையை இங்கும் அங்கும் திருப்பும், சேலையைப் பிடித்து இழுக்கும், கிடைக்காவிட்டால் வீறிடும். அதே பிள்ளை பால் மறந்த பிறகு ஒரு மதியம் வந்து அம்மா மடியில் தலையை வைத்துப் படுக்கும். அதற்கு ஒன்றும் வேண்டாம். சேலை முந்தானையின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு, மின்விசிறியைப் பார்த்துக்கொண்டு கிடக்கும். அம்மாவும் கீரை ஆய்ந்துகொண்டிருப்பாள். பால் மறக்கும் வாரங்கள் லேசானவை கிடையாது, எந்த அம்மாவையும் கேட்டால் சொல்வாள். அதனால்தான் தாவீது 'என் ஆத்துமாவை அடக்கி அமரப்பண்ணினேன்' என்கிறார். தானாக அமரவில்லை.

அப்புறம் பேச வேண்டியதைப் பேசுங்கள். நன்றி, பாவ அறிக்கை, மகனின் வேலை, மாமியாரின் கண் ஆபரேஷன், எல்லாவற்றையும். அடுக்கு மொழி தேவையில்லை; வீட்டில் பேசுகிற தமிழ் போதும். பட்டியல் நீளமாக இருந்தால் நோட்டில் எழுதி, அதை முன்னால் வைத்து, 'இவ்வளவும் ஆண்டவரே' என்று சொல்லிவிடுங்கள். 2 இராஜாக்கள் 19-ல் எசேக்கியா ராஜா, அசீரியாவிலிருந்து வந்த மிரட்டல் கடிதத்தை ஆலயத்துக்கு எடுத்துப்போய்க் கர்த்தருக்கு முன்பாக விரித்து வைத்தார். அதே முறைதான்.

சரி, இப்போது 'ஆமென்' சொல்லுங்கள். எழுந்திருக்காதீர்கள்.

அந்த ஐந்து நிமிடம்

இங்கேதான் புதியவர்கள் தடுமாறுவார்கள். என்ன செய்வது? பெரிதாக ஒன்றும் இல்லை. விருந்தாளி 'போய்ட்டு வர்றேன்' என்று சொன்ன பிறகும் வாசல் படியில் நின்றுகொண்டே இருப்பார் இல்லையா, சொல்ல வந்த விஷயமெல்லாம் தீர்ந்த பிறகு வருகிற அந்த நிம்மதியான நேரம் போல இது. தேவன் இருக்கிறார், நானும் இருக்கிறேன்.

மனம் பிடிப்பதற்கு ஒரு வரியைக் கொடுக்கலாம். எகிப்து வனாந்தரத் துறவிகளிடம் கற்று வந்த ஜான் காசியன், ஐந்தாம் நூற்றாண்டில், 70-ஆம் சங்கீதத்தின் முதல் வசனத்தை இதற்காகவே பரிந்துரைத்தார்: 'தேவனே, என்னை விடுவியும், கர்த்தாவே, எனக்குச் சகாயம்பண்ணத் தீவிரியும்.' சங்கீதம் 62-ன் 'தேவனையே நோக்கி என் ஆத்துமா அமர்ந்திருக்கிறது' எனக்கு ஒத்துவருகிறது. 'இயேசுவே' என்ற பெயர் மட்டும்கூடப் போதும். வீண்வார்த்தைகளை அலப்பக் கூடாது என்று ஆண்டவர் சொன்னாரே, இது தப்பில்லையா என்று கேட்பீர்கள். எத்தனை முறை சொன்னேன் என்று எண்ணத் தொடங்கினால், அதிகம் சொன்னால் அதிகம் கிடைக்கும் என்று நினைத்தால், தப்புதான். இந்த வரி மாட்டைக் கட்டுகிற முளை மாதிரி. மாடு கயிறு போகிற தூரம் வரை மேயும். முளை அதே இடத்தில் இருக்கும். மனம் அமைதியாகிவிட்டால் அந்த வரியையும் விட்டுவிடலாம்.

மாடு மேயத்தான் செய்யும். என் ஒரு காலையைச் சொல்கிறேன். 'ஆமென்' சொல்லிக் கண்ணை மூடினேன். பக்கத்து வீட்டில் மோட்டார் போட்டார்கள். நம் தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா? நேற்று பார்க்கவில்லை. பிளம்பர் வருகிறேன் என்று சொல்லி நான்கு நாள் ஆகிறது. அவருக்குக் கொடுத்த முன்பணம் இருநூறா முந்நூறா? முந்நூறு கொடுத்தபோது இவள்தான் அதிகம் என்றாள். இவள் நேற்று இரவு ஏன் சரியாகப் பேசவில்லை? இதெல்லாம் ஒரு நிமிடத்துக்குள். தேவ சமுகத்தில் உட்கார்ந்திருந்தவன் மோட்டார் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு கல்யாண வாழ்க்கை வரை போய்விட்டேன்.

இது புதிய வியாதி இல்லை. நான்காம் நூற்றாண்டில் எகிப்து வனாந்தரத்தில் வாழ்ந்த எவாக்ரியுஸ் என்ற துறவி, மதிய நேரத்துச் சோர்வைப் பற்றி எழுதியிருக்கிறார். சூரியன் நகரவே இல்லை என்று தோன்றுமாம். துறவி ஜன்னலையே பார்ப்பாராம். அறையை விட்டு வெளியே வந்து, சாப்பாட்டு வேளையாகிய ஒன்பதாம் மணிக்கு (நம் கணக்கில் பிற்பகல் மூன்று மணி) இன்னும் எவ்வளவு இருக்கிறது என்று சூரியனை அளப்பாராம், யாராவது சகோதரர் வருகிறாரா என்று எட்டிப் பார்ப்பாராம். போன் இல்லாத காலம். அவருக்கு அந்த வேலையைச் சூரியன் செய்திருக்கிறது.

செய்ய வேண்டியது இரண்டு. ஞாபகம் வந்தது உண்மையிலேயே முக்கியமானால் நோட்டில் ஒரே சொல்லாக எழுதுங்கள்: 'தொட்டி'. இரண்டாவது, உங்களைத் திட்டிக்கொள்ளாமல் அந்த வரிக்குத் திரும்புங்கள். திட்டிக்கொள்வதும் ஓர் அலைச்சல்தான், கொஞ்சம் பக்திமயமான அலைச்சல். ஐந்து நிமிடத்தில் இருபது முறை போய் இருபது முறை திரும்பினால், அன்றைக்கு நீங்கள் இருபது முறை ஆண்டவரிடம் வந்திருக்கிறீர்கள்.

மனைவி பற்றி வந்த நினைவு மட்டும் வேறு ரகம். திரும்பத் திரும்ப ஒரே மனிதர் முகம் வந்தால் அதை விரட்டாதீர்கள். அதைப் பற்றியே ஆண்டவரிடம் பேசிவிடுங்கள். அன்றைக்கு நான் எழுந்து போய் முதலில் செய்தது காபி போட்டுக் கொடுத்தது.

தூக்கம், வறட்சி, சத்தம்

தூங்கிவிடுவீர்கள். இயேசு பிடிபட்ட இரவில், கெத்செமனே தோட்டத்தில் அவருடைய சீஷர்களே தூங்கினார்கள். நான் ஒருமுறை கட்டிலோரம் முழங்காலில் நின்றபடி, மெத்தையில் நெற்றியை வைத்து நாற்பது நிமிடம் தூங்கியிருக்கிறேன். எழுந்தபோது நெற்றியில் போர்வையின் கோடுகள் பதிந்திருந்தன; 'அப்பா ரொம்ப நேரம் ஜெபம் பண்ணுனாங்க' என்று மகள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். அதன் பிறகு நெற்றியை எதிலும் சாய்ப்பதில்லை. கண்ணைத் திறந்து வையுங்கள், எழுந்து நில்லுங்கள், மாடியில் மெதுவாக நடங்கள். தினமும் தூக்கம் வந்தால் முந்தின இரவு எப்போது படுக்கிறீர்கள் என்று பாருங்கள்.

வறட்சி வரும். முதல் மாதத்து இனிமை போய், சுவரோடு உட்கார்ந்திருப்பது போல இருக்கும். அப்போது வரும் முதல் யோசனை 'இன்றைக்குச் சீக்கிரம் முடித்துக்கொள்ளலாம்' என்பதுதான். இஞ்ஞாசியார் இதற்கும் மருந்து வைத்திருக்கிறார்: ஆறுதல் இல்லாத நாளில், குறித்த நேரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக இருந்துவிடு. ஐந்து நிமிடமென்றால் ஆறு. நம் ஊர்ப் பிடிவாதம் நல்ல காரியத்துக்குப் பயன்படுகிற அபூர்வமான இடம் இது.

அமைதியில் ஒரு யோசனை பளிச்சென்று வரும். உடனே 'ஆண்டவர் என்னோடு பேசினார்' என்று சொல்லிவிட நாக்கு துடிக்கும். பொறுங்கள். சிறுவன் சாமுவேல் கர்த்தர் கூப்பிட்டதை மூன்று முறையும் ஆசாரியர் ஏலியின் குரலென்று நினைத்தான். பெரியவர் ஒருவர் எடுத்துச் சொன்ன பிறகுதான் அவனுக்குப் புரிந்தது. வந்த யோசனை வேதத்தோடு ஒத்துப்போகிறதா, அன்பை வளர்க்கிறதா, நாலு நாள் கழித்தும் நிற்கிறதா என்று பாருங்கள். வேலையை விடுவது, நிலம் வாங்குவது, பெண் பார்ப்பது போன்றவற்றை அந்த ஐந்து நிமிடத்தை மட்டும் நம்பி முடிவு செய்யாதீர்கள். முதிர்ந்த விசுவாசி ஒருவரிடம் கேளுங்கள்.

சிலருக்கு அமைதியாக உட்கார்ந்தாலே பழைய துக்கமோ பயமோ பொங்கி வரும். மூச்சு முட்டினால், உட்கார்ந்து சமாளித்தே தீர வேண்டும் என்றில்லை. கண்ணைத் திறந்து, ஒரு சங்கீதத்தைச் சத்தமாக வாசித்து அன்றைக்கு முடித்துக்கொள்ளுங்கள். தொடர்ந்தால் நம்பிக்கையான போதகரிடமும், தேவைப்பட்டால் மருத்துவரிடமும் பேசுங்கள். அதில் விசுவாசக் குறைவு எதுவும் இல்லை.

எழுந்த பிறகு

அலாரம் அடித்ததும் துள்ளி எழ வேண்டாம். ஒரு மூச்சு விட்டு, நன்றி சொல்லி, மெதுவாக எழுந்திருங்கள். அந்த அமைதி பாத்திரம் தேய்க்கும்போதும் பஸ்ஸுக்கு நிற்கும்போதும் கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வரும். பதினேழாம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத்துக் கார்மேல் மடத்தில் சகோதரர் லாரன்ஸ் என்று ஒருவர் இருந்தார். குருவானவர் கூட இல்லை. வருடக்கணக்கில் சமையல்காரர், பிற்காலத்தில் மடத்துச் செருப்புகளைத் தைத்தவர். அடுக்களை இரைச்சலுக்கு நடுவிலும் தேவனோடு இருக்கக் கற்றுக்கொண்டவர் என்று அவரைக் கொண்டாடுகிறார்கள். அதற்கு முந்தைய கதையைப் பலர் சொல்வதில்லை: முதல் பத்து வருடம் மிகவும் கஷ்டப்பட்டதாக அவரே கடிதத்தில் எழுதியிருக்கிறார். வேலையில் ஓடிய மார்த்தாளின் அடுக்களையிலிருந்து, இயேசுவின் பாதத்தருகே உட்கார்ந்த மரியாளின் இடத்துக்குப் போக அவருக்கே அவ்வளவு காலம் ஆகியிருக்கிறது.

நடுவில் நாள் தவறும். விருந்தாளி வருவார்கள், காய்ச்சல் வரும், அல்லது சும்மாவே எழுந்திருக்கத் தோன்றாது. விட்டுப்போன மூன்று நாளுக்கும் சேர்த்து நான்காம் நாள் ஒரு மணி நேரம் உட்காராதீர்கள், இது கடன் பாக்கி இல்லை. வழக்கமான பதினைந்து நிமிடம் போதும்.

கடைசியாக அந்த நோட்டு. ஜெபம் முடிந்ததும் அது எப்படிப் போயிற்று என்று கால் மணி நேரம் யோசித்துப் பார்க்கச் சொல்கிறார் இஞ்ஞாசியார். நமக்கு ஒரு வரி போதும். தேதி, நேரம், நடந்தது. யாருக்கும் காட்ட வேண்டாம், அழகாக எழுதவும் வேண்டாம். என்னுடையதில் இந்த வாரம் இப்படி இருக்கிறது:

திங்கள். தூக்கம்.

செவ்வாய். 131. முந்தானையைப் பிடித்த குழந்தை. அழுகை வந்தது, ஏனென்று தெரியவில்லை.

புதன். எழுந்திருக்கவில்லை.

வியாழன். தொட்டி, பிளம்பர், முந்நூறு ரூபாய். கடைசி அரை நிமிடம் அங்கே இருந்தேன்.